இரண்டு மரமும் ஒன்றுதான், மைனி

என் பிரியமான மைனிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. என்ன செய்ய, பழகின கை. உங்கள் நலத்தை இனி யாரிடம் விசாரிப்பது? எங்கள் நலம் எப்படி என்று நீங்கள் கேட்டாலும் ஒழுங்கான பதில் சொல்ல முடியாது. ஆகையால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

கம்ப்யூட்டர் ஓடி முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வாசலில் என் தலை தெரிந்ததும் "முடிஞ்சுதா?" என்று கேட்பீர்களே, அந்த ஓட்டம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. உங்களை அடக்கம் செய்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்றே அது முடிந்து கிடந்தது. நான் சொல்வது இன்னொன்று. அதற்கப்புறம் நானாக ஓட்டிப் பார்த்தது. அதுவும் முடிந்து, பதில் வந்திருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நினைவு நாளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி சபைப் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்களைக் கண்டுபிடித்தது அண்ணன்தான். அவன் அப்போது போனக்காட்டு பஸ்ஸில் கண்டக்டர். நீங்கள் இங்கே நகரத்தில் தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவி. சனிக்கிழமை எஸ்டேட்டுக்கு, உங்கள் அப்பாவைப் பார்க்கப் போவீர்கள். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் மடியில் ஈரத் துணிப்பை ஒன்றோடு திரும்பி வருவீர்கள். ஒருநாள் பைக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்க, பக்கத்து சீட்டுப் பெரியவர் பதறிப்போய் எழுந்துவிட்டாராம். "ஒண்ணுமில்ல, பெல் கயிறு லூசா கெடக்குது" என்று அண்ணன் சமாளித்தானாம். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் விழுந்தவன்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

எஸ்டேட்டில் தேயிலைக் கொளுந்து கிள்ளுகிறவர் மகள் என்று அம்மா முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது உண்மை. நாமும் இந்த மலையாளச் சீமையில் வந்தேறிகள்தானே, களியக்காவிளையிலிருந்து கரமனைக்கு வந்தவர்கள்தானே என்று அண்ணன் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆன அடுத்த வருஷம் உங்கள் லேபில் கம்ப்யூட்டர் பார்க்க ஆள் தேவை என்றீர்கள். டிப்ளமா படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் வந்து சேர்ந்தேன். நாத்தனாரும் மைனியும் ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே பஸ் என்றால் அடிபிடிதான் என்று தெருவே காத்திருந்தது.

அவர்களை நாம் ஏமாற்றவில்லை, நன்றாகவே சண்டை போட்டோம். குழம்பில் உப்பு கூடினதற்கும் சேலையை யார் கட்டுவது என்பதற்கும் இல்லை. தென்மலைத் தவளை முதலில் பிரிந்ததா, மூணாறுத் தவளை முதலில் பிரிந்ததா என்று தேங்காய் துருவிக்கொண்டே கத்துவோம். இவளுகளுக்குப் பைத்தியமா என்று அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு உயிரின் உடம்புக்குள்ளும் நாலே நாலு எழுத்துகளால் ஆன நீளமான வரிகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவை கைமாறும்போது எங்காவது ஓர் எழுத்து மாறிப்போகும். இரண்டு தவளைகளின் வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வித்தியாசம் குறைவானால் நெருங்கின சொந்தம், கூடுதலானால் தூரத்துச் சொந்தம். யார் யாரிடமிருந்து எப்போது பிரிந்தார்கள் என்பதை இப்படிக் கிளை கிளையாக வரைவதுதான் மரம். மைனி பார்த்துக்கொண்டிருந்தது மலைக்காட்டுப் புதர்த்தவளைகளின் மரம்.

ஆனால் அந்த எழுத்துகள் கிளைகளைத்தான் சொல்லும், அடி எது என்று சொல்லாது. அதற்கு வெளியாள் ஒருவர் வேண்டும். குடும்பத்தில் சேராத, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாத அளவுக்குத் தூரமும் இல்லாத ஒரு தவளை. அந்த வெளியாள் மரத்தில் எந்த இடத்தில் வந்து ஒட்டுகிறதோ, அதுவே அடி. அங்கிருந்துதான் மூத்தது இளையது எல்லாம் எண்ணத் தொடங்குவோம்.

உங்கள் வெளியாள் போனக்காட்டுத் தவளை. நீங்கள் பிறந்து வளர்ந்த தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால், ஓடைப் பாறைகளில் இருக்கிற பழுப்புத் தவளை. "அது இதுங்க கூட்டத்துல சேராது. சத்தமே வேற, கெடக்குற எடமே வேற" என்று அடித்துச் சொன்னீர்கள். போனக்காட்டைப் பற்றி உங்களிடம் எதிர்வாதம் பண்ண லேபில் யாருக்குத் துணிச்சல்? லேப் தலைவரான எங்கள் சாரும் தலையாட்டிவிட்டார்.

திரையில் வருகிற மரத்தை நீங்கள் நம்பவே மாட்டீர்கள். கையால் தொட்டால்தான் புத்தியில் ஏறும் என்பீர்கள். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியாக உருவி, தையல் நூலால் முடிச்சுப் போட்டு, நுனிக்கு ஒரு காகிதத் துண்டில் பேர் எழுதி, துணிக்கொடியில் தொங்கவிடுவீர்கள். போனக்காட்டுக்காரியின் நூல்தான் மேலே கொடியில் மாட்டுகிற கொக்கி. அதற்குக் கீழே, தெற்கிலிருந்து வடக்காக, முதலில் பொன்முடிக்காரி, அடுத்து தென்மலைக்காரி, கடைசியில் மூணாறுக்காரியும் வயநாட்டுக்காரியும் சேர்ந்து. புது விளக்குமாறு வாங்கி ஒரு வாரத்தில் மொட்டையாகிவிடும். துணி காய்கிற கொடியில் தவளை காய்கிறதே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மரத்தை வைத்து நீங்கள் ஒரு கதை சொன்னீர்கள். இந்தத் தவளைகளின் வம்சம் தெற்கே, நம்முடைய இந்த மலைகளில் தொடங்கியது, தலைமுறை தலைமுறையாக வடக்கே ஏறிப் போனது என்று. கட்டுரையும் எழுதி முடித்தாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் நீங்கள் முரண்டு பிடித்தீர்கள்.

இது தாய் வழியாக மட்டும் வருகிற ஒரு ஜீனின் சாட்சி. ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வருகிற இன்னொரு ஜீனையும் எடுத்து, அதற்கும் ஒரு மரம் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன் என்றீர்கள். சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நானும்தான் சொன்னேன். கேட்டீர்களா?

புது ஜீனை எல்லாத் தவளைகளிலும் எடுத்தாயிற்று, உங்கள் ஊர்த் தவளையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. பழைய சதை கெட்டுப்போயிருக்கும், புதிதாகப் பிடித்து வருகிறேன் என்று கொட்டுகிற மழையில் எஸ்டேட்டுக்குக் கிளம்பினீர்கள். இடவப்பாதிப் பருவமழையில் ஓடையில் இறங்காதே என்று உங்கள் அப்பா தடுத்தாராம். காலில் செருப்புக் கடித்த புண் வேறு. தவளையும் கிடைக்காமல், நனைந்த கோழி போல வந்து நின்றீர்கள். சரி, இருக்கட்டும் என்று, நம் கரமனை வயலில் கத்துகிற சாதாரணத் தவளையை வெளியாளாகப் போட்டு ஓட்டத்தை ஆரம்பித்தோம். நாலைந்து நாள் கழித்து உங்களுக்குக் காய்ச்சல் கண்டது.

எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், என்று டாக்டர் சொன்னபோது அம்மாவுக்கு விளங்கவில்லை. எலி கடித்ததா என்று கேட்டாள். எலி நடமாடிய தண்ணீரில் காலை வைத்தால் போதுமாம், புண் வழியாக ஏறிவிடுமாம். கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்று, அதெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த ஓடையில்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தவளையின் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தினமும் லேபிலிருந்து நேராக உங்களிடம் வருவேன். "முடிஞ்சுதா?" என்பீர்கள். இல்லை மைனி, இன்னும் ஓடுகிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது என்பேன். எவ்வளவு பெரிய கணக்கு அது, நம் பழைய பென்டியம் மூச்சு முட்டி முட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நாள் உங்களுக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினீர்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். சலிப்பா, வலியா, மைனி? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் உங்களை எங்கள் குடும்பக் கல்லறையில் வைத்தோம். உங்கள் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து, மண் போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பிப் போனார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது இரண்டாவது மரம் திரையில் காத்திருந்தது. அது உங்கள் மரத்தைத் தலைகீழாகச் சொன்னது. முதலில் பிரிந்தது வயநாட்டுக்காரி, அடுத்து மூணாறுக்காரி, கடைசியில்தான் தென்மலைக்காரியும் பொன்முடிக்காரியும். வம்சம் வடக்கே தொடங்கித் தெற்கே இறங்கி வந்ததாக அர்த்தம். உங்கள் கட்டுரையின் உயிரே போய்விட்டது.

சார் கெட்டவர் இல்லை, உங்கள் பேரில் அவருக்குப் பாசம் உண்டு. இரண்டு ஜீன்கள் இரண்டு கதை சொல்வது சகஜம், அந்தப் பெண் எழுதி முடித்ததை அப்படியே அனுப்பிவிடு, இரண்டாவது மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றார். செத்துப்போனவளின் கட்டுரையை எவன் வந்து கிண்டப் போகிறான் என்று நினைத்திருப்பார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு சாட்சி வேண்டும் என்று மழையில் போனவர் நீங்கள். உங்கள் பேரைப் போட்டு ஒரு சாட்சியை ஒளித்துவைக்க என்னால் முடியுமா?

அண்ணனுக்கு இது எதுவும் விளங்கவில்லை. அவன் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு முன்னால் உங்கள் கட்டுரை அச்சில் வர வேண்டும். டிப்போவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். பிள்ளைக்குட்டி இல்லாமல் போனவளுக்கு இந்த உலகத்தில் மிஞ்சப்போவது அது ஒன்றுதான் என்றான். வாரத்துக்கு ஒரு தரம் அனுப்பியாச்சா என்று கேட்பான். இன்னும் இல்லை என்பேன். இரண்டு மரமும் ஏன் சண்டை போடுகின்றன என்று தெரியாமல் எப்படி அனுப்ப? ஆனால் அதைச் சொல்லப் போனால் அவன் முகம் சுருங்கிவிடும்.

பிறகு கேட்பதையே விட்டுவிட்டான். என்னோடு பேசுவதையும்தான். சாப்பாடு வேண்டுமா என்றால் அம்மாவிடம் பதில் சொல்வான். நம் வீடு எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குள் இரண்டு பேர் மாதக்கணக்கில் முகம் பாராமல் நடப்பது லேசா? நீங்களும் இல்லை, அண்ணனும் இல்லை என்று எனக்கு ஆகிப்போனது.

நினைவு ஜெபம் நெருங்கி வந்தபோது அது வெடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து நான் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் ஈர்க்குச்சி மரம் அப்போதும் கொடியின் ஒரு மூலையில்தான் தொங்கியது. அதை எடுக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. அண்ணன் வந்து நின்றான்.

"ஏட்டி, அவ பேரு முன்னால வரப்பிடாதுன்னு உனக்கு எண்ணம். அதை நேரா சொல்லு."

மைனி, என்னை அடித்திருக்கலாம். நாத்தனார் என்றால் இதுதான் என்று தெரு சொல்லட்டும், அம்மாகூட மனசுக்குள் நினைத்துக்கொள்ளட்டும். அவன் சொல்லலாமா? நான் திரும்பி அடுத்த துணியை உதறிக் காயப்போட்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அது அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது. இனி இது இங்கே வேண்டாம் என்று மரத்தைக் கொடியிலிருந்து பிய்த்துத் தரையில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

குனிந்து எடுத்தேன். அழுகையில் எந்த நூலைப் பிடிக்கிறேன் என்று கவனிக்கவில்லை. கையில் அகப்பட்டது வயநாட்டுக்காரியின் நூல். அதைப் பிடித்துத் தூக்கினேன். மரம் முழுவதும் ஒரு சுற்று சுற்றி, குச்சிகள் சரிந்து, வேறு மாதிரி தொங்கியது.

மேலே வயநாட்டுக்காரி. அவளுக்குக் கீழே மூணாறுக்காரி. அதற்கும் கீழே தென்மலைக்காரி. எல்லாவற்றுக்கும் கடைசியில் பொன்முடிக்காரியும், அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, இத்தனை நாள் கொக்கியாக இருந்த போனக்காட்டுக்காரியும்.

ஒரு முடிச்சும் அவிழவில்லை, ஒரு குச்சியும் இடம் மாறவில்லை. பிடித்த இடம்தான் வேறு. என் கையில் தொங்கியது இரண்டாவது மரம்.

மைனி, இரண்டு ஜீன்களும் சண்டையே போடவில்லை. இரண்டும் ஒரே சொந்தத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நாம்தான் ஒன்றைப் போனக்காட்டுத் தவளையைப் பிடித்துத் தூக்கினோம், மற்றதை வயநாட்டுக்காரி பக்கம் வந்து ஒட்டிய வயல்தவளையைப் பிடித்துத் தூக்கினோம். கம்ப்யூட்டர் எப்போதும் வெளியாளை அடியில் போட்டே வரைந்து காட்டும். அப்படியே பார்த்துப் பார்த்து, அடியை மாற்றிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, சாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் லேப் திறக்கும் முன்பே போய் நின்றேன். பழைய ஜீனையே மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை வயல்தவளையை வெளியாளாக வைத்து, போனக்காட்டுக்காரியைக் குடும்பத்தோடு சேர்த்து ஓட்டவிட்டேன். அதுதான் இப்போது முடிந்திருக்கிறது. உங்கள் ஊர்த் தவளை வெளியே நிற்கவில்லை, மைனி. கூட்டத்துக்குள்ளே ஆழத்தில், பொன்முடிக்காரிக்குக் கூடப்பிறந்தவளாக உட்கார்ந்திருக்கிறது. சத்தம் வேறு, இருப்பிடம் வேறு, எல்லாம் சரி. ஆனால் ரத்தம் அதே ரத்தம்.

நீங்கள் போட்ட கிளைகள் எல்லாம் சரி. அடி மட்டும் தப்பு. அடி தப்பானதால் தெற்கிலிருந்து வடக்கே போனார்கள் என்ற கதையும் தப்பு. இதை எப்படிப் பூசி மெழுகிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். பூசி மெழுகினால் உங்களுக்குப் பிடிக்காது.

அந்த ஓட்டம் முடிந்த அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்தேன். அவன் எழுந்து போகப் பார்த்தான். அம்மா அவன் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். நான் ஈர்க்குச்சி மரத்தைப் போனக்காட்டு நூலில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். பிறகு வயநாட்டு நூலில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். ஏன் இவ்வளவு நாள் அனுப்பவில்லை என்றும் சொன்னேன். அவன் என் கையிலிருந்து அதை வாங்கி, தானே ஒவ்வொரு நூலாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"அப்போ கிரேசி எழுதினது தப்பா?" என்றான்.

தப்புதான் என்றேன். அந்தத் தவளையை வெளியாள் என்று நினைத்ததுதான் தப்பு, மற்றதெல்லாம் சரி என்றேன்.

"கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல அவ ஒரு தடவகூட நம்ம வீடுன்னு சொன்னதில்ல, கேட்டியா. உங்க வீட்டுல மழையா, உங்க வீட்டுல சாப்பாடு ஆச்சான்னுதான் வரும். நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், வாயில வரல்ல." மரத்தை மடியில் வைத்துக்கொண்டான். "சொந்த ஊரு தவளையக்கூட வெளியாளா ஆக்கி வச்சிட்டுப் போயிருக்கா."

நான் ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. நீங்கள் அப்படியா சொல்வீர்கள்? யோசித்துப் பார்க்கிறேன், ஆமாம், அப்படித்தான் சொல்வீர்கள். உங்கள் வீட்டு விளக்குமாறு என்றுகூட அம்மாவிடம் சொன்னது ஞாபகம் வருகிறது. ஒரு தவளையை வெளியாள் என்று நினைக்க இதெல்லாம் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குச் சத்தம் இருந்தது, கால் சவ்வு இருந்தது, காட்ட வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் அண்ணன் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. கூட்டத்தில் ஒரு ஆளை வெளியே நிறுத்து என்று சொன்னால், உங்கள் கை எந்த யோசனையும் இல்லாமல் போனக்காட்டுப் பக்கம்தான் நீண்டிருக்கும் போல. அந்தக் கையை அப்படி நீளவைத்தது யார், மைனி? எங்கள் வீடா? அம்மா அந்த முதல் மாதம் முறுக்கிக்கொண்டதா? அதற்கும் முன்னால், காலேஜில் தமிழ் பேசுகிறவள் என்று இளப்பமாக உங்களைப் பாண்டி என்று கூப்பிட்டவர்களா?

அம்மா எங்களுக்கு முகம் காட்டாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரமே இல்லை.

சாரிடம் சொன்னபோது நெற்றியைத் தடவினார். பிறகு சம்மதித்தார். ஆனால் ஒரு யோசனை சொன்னார். தப்பை யார் செய்தார்கள் என்று வெளிப்படையாக எழுத வேண்டாமே, செத்தவள் மேல் எதற்கு, முன்பு அப்படிக் கருதப்பட்டது என்று பொதுவாக எழுதிவிடலாமே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். முடிவு எடுக்க எனக்குத் தைரியம் இல்லை, அண்ணனிடம் கேட்டேன். என்ன இருந்தாலும் நீங்கள் அவன் மனைவி.

"அவ பேரு முன்னாலயே இருக்கட்டு. தப்புன்னும் எழுது. அவ மறைக்கிற ஆளா?" என்றான். பிறகு பஸ் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன், திரும்பி நின்றான். "இது தெரியாமலேல்ல போயிட்டா. அவகிட்ட யாரு சொல்லுவா? நீ சொல்லுட்டி. நீதானே அவகூட சண்ட பிடிக்கிறவ."

மாதக்கணக்குக்குப் பிறகு பழைய அண்ணனாக என்னைப் பார்த்து அவன் சொன்ன வார்த்தை அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே மற்றபடி பெரிய விசேஷம் இல்லை. கட்டுரை நினைவு ஜெபத்துக்குள் வராது. திருத்தி எழுதி, ஆராய்ச்சிக்காரர்கள் படித்து, அச்சாகிவர அடுத்த வருஷம் ஆகிவிடும். அண்ணன் டிப்போவில் தேதியைத் தள்ளிச் சொல்லிவிட்டான். உங்கள் அப்பாவுக்கு அவனே பஸ்ஸில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். உங்கள் மகள் போட்ட கணக்கில் ஒரு தப்பு வந்திருக்கிறது, தங்கச்சி திருத்துகிறாள் என்றானாம். கிழவர் முதலில் பயந்துபோய், அதற்காக வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களா என்று கேட்டாராம். அண்ணன் திரும்பி வந்து இதைச் சொன்னபோது சிரிக்கத் தொடங்கி, பாதியில் இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

செத்தவர்களைத் திருத்தக் கூடாது என்று ஊர் சொல்கிறது. இருந்தவரை எப்படியோ, போன பிறகு எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் சரியானவர்கள். உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்க எனக்கு மனசில்லை. உங்களைச் சரியானவர் என்று சொல்லிவிட்டால் பிறகு உங்களோடு பேச என்ன இருக்கிறது?

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் பேரை முதலில் போடுவேன், என் பேர் அதற்குப் பின்னால்தான். இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவேன். எந்தச் சாட்சியையும் ஒளிக்கமாட்டேன். போனக்காட்டுத் தவளையை அதன் இடத்தில், சொந்தங்களுக்கு நடுவில் வைப்பேன். நாங்கள் தவறாக நினைத்திருந்தோம் என்று ஒரு வரி எழுதுவேன். அந்த நாங்களில் நீங்களும் இருப்பீர்கள், நானும் இருப்பேன்.

யாரும் என்னோடு கத்துவதில்லை, மைனி. லேபில் நான் என்ன சொன்னாலும் சரி சரி என்கிறார்கள். வீட்டில் அம்மா தேங்காயைத் துருவித் தந்துவிட்டுப் பேசாமல் போகிறாள். நீங்கள் செய்தது தப்பு. நான் நன்றாகப் பார்த்துவிட்டேன், தப்புதான். இல்லை என்று சொல்லவாவது ஒரு தடவை வாங்களேன்.

உங்கள் நாத்தனார்,
ஸ்டெல்லா
கரமனை, நம்ம வீடு